இங்கிலாந்தின் பழைய கல் பண்ணைக் கட்டடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் பயணம் செய்பவர்கள் தேவாலயங்களையும் கோட்டைகளையும் நின்று பார்ப்பார்கள். வயலோரத்தில் நிற்கும் கல் களஞ்சியத்தைக் கடந்து போய்விடுவார்கள். ஆனால் அந்த மண்ணில் மக்கள் எதை விளைவித்தார்கள், எப்படிச் சேமித்தார்கள், கால்நடையை எப்படிக் காத்தார்கள் என்பதை அந்தக் களஞ்சியத்தைப் போல் வேறெந்தக் கட்டடமும் சொல்வதில்லை. அங்கே அலங்காரத்துக்காக வைத்தது அநேகமாக எதுவும் இல்லை. ஒவ்வொரு துளைக்கும் ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு வேலை இருந்தது. கீழுள்ள விடைகள் அந்த வேலைகளைப் பற்றியவை.

பண்ணைக் கட்டடங்கள் என்ற சொல்லில் எவையெல்லாம் அடங்கும்?

பண்ணை வீட்டைச் சுற்றி நின்ற தொழிற்கட்டடங்கள் அனைத்தும் அடங்கும். கதிரடித்துத் தானியம் பிரித்த பெரிய களஞ்சியம், மாட்டுத் தொழுவம், குதிரை லாயம், வண்டிக் கொட்டகை, தானிய அறை, பன்றிக் கொட்டில், புறாக் கூண்டு மாளிகை ஆகியவை முக்கியமானவை. ஒரே வகைக் கட்டடத்துக்கு வட்டாரந்தோறும் வேறு பெயர் உண்டு. மாட்டுத் தொழுவத்தை வடக்கே பல இடங்களில் பையர் என்பார்கள். லங்காஷயரிலும் டெவனிலும் ஷிப்பன் என்பார்கள். கீழே மாடுகளும் மேலே காய்ந்த புல்லும் இருக்க, முகப்பு முழுவதும் திறந்து கிடக்கும் கொட்டகைக்கு டெவனில் லின்னி என்று பெயர். அதன் முகப்பைத் தாங்கும் உருண்டைக் கல் தூண்களைக் கண்டால் தொலைவிலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

இங்கிலாந்து முழுவதும் கல்லில்தான் கட்டினார்களா?

இல்லை. கல் எளிதாகக் கிடைத்த இடத்தில் மட்டுமே கல்லில் கட்டினார்கள். கால்வாய்களும் ரயிலும் வருவதற்கு முன் கனமான கல்லை வண்டியில் ஏற்றிப் பல கிலோமீட்டர் கொண்டு செல்வது ஒரு விவசாயிக்குக் கட்டுபடியாகாத செலவு. எனவே பண்ணையிலேயே ஒரு சிறிய குழியைத் தோண்டிக் கல்லெடுத்துக் கட்டினார்கள். கல்லில்லாத கிழக்கிலும் தென்கிழக்கிலும் மரச்சட்டமும் செங்கல்லும் ஆண்டன.

இதனால் பண்ணைக் கட்டடங்களைப் பார்த்தே நிலத்துக்கு அடியில் என்ன பாறை இருக்கிறது என்று சொல்லிவிட முடியும். தெற்குக் கடற்கரையிலுள்ள டார்செட்டிலிருந்து வடகிழக்கே யார்க்‌ஷயர் வரை ஜுராசிக் காலச் சுண்ணாம்புக்கல் ஒரு பட்டைபோல் நாட்டைக் குறுக்கே கடக்கிறது; காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதியின் தேன்நிறக் கட்டடங்கள் அந்தப் பட்டையில் நிற்பவை, அந்த நிறம் கல்லிலுள்ள இரும்புச் சத்தால் வந்தது. பென்னைன் மலைகளில் கரடுமுரடான மணற்கல், ஏரி மாவட்டத்தில் கரும்பச்சையும் சாம்பலுமான பலகைக்கல், கார்ன்வாலிலும் டார்ட்மூரிலும் கிரானைட் என்று நிறமும் தோற்றமும் மாறிக்கொண்டே போகும். டார்ட்மூரில் பல காலம் பாறையை உடைக்கவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. தரையில் சிதறிக் கிடந்த கிரானைட் துண்டுகளைப் பொறுக்கியே சுவர் எழுப்பினார்கள்.

இந்தச் சுவர்கள் எப்படிக் கட்டப்பட்டன?

வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே கனமான சுவராகத் தெரிவது உண்மையில் இரண்டு சுவர்கள். உள்முகமும் வெளிமுகமும் தனித்தனியாக எழும்ப, இடையிலுள்ள வெளியைச் சிறு கற்களும் சாந்தும் நிரப்பின. இரு முகங்களும் பிரிந்து விலகாமலிருக்க, சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே நீளமான கற்களை ஆங்காங்கே வைத்துப் பிணைத்தார்கள். யார்க்‌ஷயரில் இந்தப் பிணைப்புக் கற்களின் முனைகள் சுவருக்கு வெளியே வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்பதை இன்றும் காணலாம். புதிதாகப் பார்ப்பவர்கள் அதை அழகுக்காகச் செய்த வேலை என்று நினைத்துவிடுகிறார்கள்.

சுவரின் பருமன் பெரும்பாலும் அரை மீட்டருக்கு மேல் இருக்கும். மூலைகளுக்கும் வாசலோரங்களுக்கும் மட்டும் செதுக்கிய பெரிய கற்கள். மற்ற இடமெல்லாம் செதுக்காத கல். ஏரி மாவட்டத்திலும் அதைச் சுற்றியும் ஒரு நுட்பம் வழக்கத்திலிருந்தது: ஒவ்வொரு கல்லையும் வெளிப்பக்கம் சற்றே தாழும்படி சாய்த்து வைத்தார்கள். சாரல் மழை அடித்துக்கொண்டே இருக்கும் அந்த ஊரில், நீர் சுவருக்குள் இறங்காமல் வெளியே வழிந்துவிட இது உதவியது.

ஒரு களஞ்சியத்தின் சுவரைப் பார்த்தே அங்கே நடந்த வேலையை அறிய முடியுமா?

முடியும். முதலில் கதவுகளைத் தேடுங்கள். நீண்ட பக்கச் சுவர்களின் நடுவில், ஒன்றுக்கொன்று நேரெதிராக இரண்டு வாசல்கள் இருந்தால் அது கதிரடிக்கும் களஞ்சியம். அவற்றில் ஒன்று கதிர்க்கட்டுகள் குவித்த வண்டி நுழையும் உயரத்திலும், எதிரேயுள்ளது பாரம் இறக்கிய வெறும் வண்டி வெளியேறும் அளவிலும் இருப்பது உண்டு. இரண்டுக்கும் நடுவே உள்ள தளம்தான் களம். கருவாலி (ஓக்) மரப் பலகையோ, கல்லோ, கெட்டியாக அடித்த மண்ணோ பரப்பிய அந்தத் தளத்தில் கதிரைப் பரப்பி, தோல்வாரால் இணைத்த இரட்டைத் தடியால் அடித்துத் தானியத்தைப் பிரித்தார்கள். பின்பு இரு கதவுகளையும் திறந்துவிட்டால் குறுக்கே காற்று ஓடும். தானியத்தைத் தூற்றினால் பதர் பறந்துவிடும். நம் ஊர்க் களத்துமேட்டில் திறந்தவெளியில் நடந்த அதே வேலையை, ஓயாத மழைக்குப் பயந்து அவர்கள் கூரைக்குள் கொண்டு சென்றார்கள் என்று எண்ணிக்கொண்டால் கட்டடம் முழுவதும் விளங்கிவிடும்.

களத்தின் ஒரு பக்கம் அடிக்கவேண்டிய கதிர்க்கட்டுகள், மறுபக்கம் அடித்து முடித்த வைக்கோல். இவற்றுக்குக் காற்று தேவை. ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். அதற்காகத்தான் சுவரில் நெட்டுக்குத்தான ஒடுங்கிய பிளவுகளை விட்டார்கள். வெளிப்புறம் ஒரு கை நுழையும் அகலமே இருக்கும் பிளவு, உள்ளே போகப் போக விரிந்து அகன்றுவிடும். மழை புகாது, காற்றும் வெளிச்சமும் புகும். இவற்றை அம்பு எய்வதற்கான துளைகள் என்று ஊர்க்காரர்களே சொல்லக் கேட்கலாம். அது தவறு. சுவரில் ஒழுங்கான வரிசையில் காணப்படும் சிறு சதுரத் துளைகள், கட்டும்போது சாரக்கட்டையைச் செருகிய இடங்கள். பிற்பாடு அவற்றையும் காற்றோட்டத்துக்கு விட்டுவைத்தார்கள்.

முக்கோணச் சுவரின் உச்சிக்கருகே தனியாக ஒரு துளை இருந்தால் அது ஆந்தைக்கு விட்ட வழி. களஞ்சியத்தில் எலி பெருகாமல் காக்கும் கூகை ஆந்தையைக் கூலியில்லா வேலையாளாகவே விவசாயிகள் கருதினார்கள். மேல்மட்டத்தில் மரக்கதவு போட்ட சதுரத் திறப்பு இருந்தால் அது கவைக்கோலால் காய்ந்த புல்லை உள்ளே தள்ளிய வாய். சுவரில் மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் கல் இணைப்பு ஓடினால், அந்த இடத்தில் பழைய கட்டடம் முடிந்து புதியது தொடங்குகிறது என்று பொருள். வாசலோரக் கல்லிலும் மரத்திலும், கவராயத்தால் கீறிய ஆறிதழ்ப் பூ வடிவங்கள் சில சமயம் கண்ணில் படும். விளைச்சலையும் கால்நடையையும் தீய சக்தி அண்டாதிருக்கக் கீறியவை என்பது ஆய்வாளர்களிடையே பரவலான கருத்து.

இன்றும் முழுமையாக நிற்கும் மிகப் பழைய களஞ்சியம் ஒன்றைச் சொல்ல முடியுமா?

ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் கிரேட் காக்ஸ்வெல் என்ற சிற்றூரில் உள்ள களஞ்சியத்தையே முதலில் சொல்லவேண்டும். ஹாம்ப்ஷயரிலிருந்த பியூலி மடத்தின் சிஸ்டர்சியன் சபைத் துறவிகளுக்கு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் மன்னர் இந்தப் பகுதி நிலத்தைக் கொடுத்தார். அவர்கள் கட்டிய இந்தக் களஞ்சியத்தின் மரங்களை, ஆண்டு வளையங்களைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையில் ஆராய்ந்ததில், அது 1292ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது என்று தெரியவந்தது. நீளம் சுமார் 46 மீட்டர், அகலம் 13 மீட்டருக்கு மேல், கூரை உச்சி சுமார் 15 மீட்டர்.

வெளியிலிருந்து முட்டுச்சுவர்கள் தாங்கிய காட்ஸ்வோல்ட் கல் கட்டடமாகத் தெரிகிறது. உள்ளே போனால் அது ஒரு மரக்காடு. கருவாலித் தூண்கள் இரு வரிசையாக நின்று கூரையைத் தாங்குகின்றன. ஒவ்வொரு தூணும் ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள கல் பீடத்தின்மேல் நிற்கிறது. தரையீரம் மரத்தில் ஏறாமலும், வண்டிச் சக்கரம் மோதாமலும் காப்பது அந்தப் பீடம். மரம் 700 ஆண்டுகளுக்கு மேல் நின்றதற்கு அந்த ஒரு முடிவு பெரும் காரணம் என்பேன். இரு முனைகளிலும் இப்போதுள்ள பெரிய கதவுகள் 18ஆம் நூற்றாண்டில் திறந்தவை. துறவிகள் காலத்தில் வண்டிகள் பக்கவாட்டு வாசல்கள் வழியாகவே வந்தன.

அருகிலுள்ள கெல்ம்ஸ்காட்டில் 1871 முதல் வாழ்ந்த கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் இந்தக் களஞ்சியத்தைப் போற்றினார். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறோம் என்று சிதைப்பதை எதிர்த்து 1877இல் அவர் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். களஞ்சியம் 1956 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது.

பெரிய களஞ்சியங்கள் எல்லாமே ‘தசமபாகக் களஞ்சியங்கள்’ தானா?

அப்படிச் சொல்வது பழகிப்போன பிழை. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுக்கவேண்டும் என்பது பழைய விதி. 1836இல் இயற்றிய சட்டம் அதைப் பணமாக மாற்றும்வரை தானியமாகவே பங்கு சென்றது. அந்தப் பங்கைச் சேமித்த களஞ்சியங்கள் உண்மையிலேயே இருந்தன. ஆனால் கிரேட் காக்ஸ்வெல் துறவிகளின் சொந்தப் பண்ணையின் விளைச்சலுக்கானது. வில்ட்ஷயரில் பிராட்ஃபோர்ட் ஆன் ஏவன் ஊரிலுள்ள 14ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம் தசமபாகக் களஞ்சியம் என்றே பெயர் பெற்றுவிட்டது. அதுவும் ஷாஃப்ட்ஸ்பரி கன்னியர் மடத்தின் பண்ணைக்குக் கட்டியதே. அந்த நிலத்தை மடம் 1001ஆம் ஆண்டிலேயே பெற்றிருந்தது. 51 மீட்டர் நீளமுள்ள அந்தக் களஞ்சியத்தின் மரச்சட்டம் சுமார் 100 டன் எடையுள்ள கல் ஓடுகளை இன்றும் சுமந்து நிற்கிறது.

கூரைக்கும் கல்லா? எப்படி ஓடாக்கினார்கள்?

உறைபனியே ஓடாக்கியது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் ஸ்டோன்ஸ்ஃபீல்டு ஊரில் பூமிக்கடியிலிருந்து வெட்டிய சுண்ணாம்புக்கல் பாளங்களை ஈரம் காயாமல் மண்மூடி வைத்திருந்து, கடும் பனிக்காலம் வந்ததும் திறந்து பரப்பி நீர் தெளித்தார்கள். கல்லின் அடுக்குகளுக்கிடையே நின்ற நீர் உறைந்து விரிய, பாளம் ஏடு ஏடாகப் பிரிந்தது. பனி போதாத ஆண்டில் அந்த ஆண்டின் உழைப்பே வீண். 19ஆம் நூற்றாண்டில் வேல்ஸிலிருந்து மலிவான பலகைக்கல் ரயிலேறி வரத் தொடங்கியதும் இந்தத் தொழில் நலிந்தது.

பிரிந்த ஏடுகள் ஒரே அளவில் இருக்காது; எதையும் வீணாக்காமல் பெரியவற்றை இறவாரத்திலும், மேலே போகப் போகச் சிறியவற்றையும், மிகச் சிறியவற்றை முகட்டருகிலும் வைத்தார்கள். அடியில் கனமும் மேலே இலேசும் அமைவதால் சட்டத்துக்கும் நல்லது. ஒவ்வொரு ஓடும் மேல்முனையில் ஒரு துளையிட்டு, கருவாலி முளையில் மாட்டப்பட்டது. சிறு ஓடுகளின் எண்ணற்ற இணைப்புகளில் நீர் தங்காமல் ஓடவேண்டும் என்பதால் காட்ஸ்வோல்ட் கூரைகள் மிகச் செங்குத்தானவை. பென்னைன் பகுதியின் மணற்கல் பலகைகளோ பெரியவை, இணைப்புகள் குறைவு. அதனால் அங்கே கூரை தாழ்ந்து படுத்திருக்கும்.

யார்க்‌ஷயர் டேல்ஸ் பள்ளத்தாக்குகளில் வயலுக்கு ஒரு களஞ்சியம் நிற்பது ஏன்?

சுவேல்டேல் பள்ளத்தாக்கில் மியூக்கர், கன்னர்சைடு ஊர்களை ஒட்டி நின்று பார்த்தால், கற்சுவர் சூழ்ந்த ஒவ்வொரு சிறு வயலிலும் ஓரிரண்டு மாடி உயரக் கல் கட்டடம் தெரியும். பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தவை. இப்படி ஓர் ஏற்பாட்டுக்குக் காரணம் எடையும் தூரமும்தான். மேட்டு நிலம், குளிர்காலம் நீண்டது, மாடுகள் நவம்பர் முதல் மே வரை கூரைக்குள் இருக்கவேண்டும். கோடையில் வெட்டிக் காயவைத்த புல்லைப் பண்ணை வீடுவரை சுமப்பதும், மாடு போட்ட எருவைத் திரும்ப வயலுக்குச் சுமப்பதும் இரட்டை உழைப்பு. புல்லை விளைந்த வயலிலேயே சேமித்து, மாட்டை அங்கேயே கட்டி, எருவை அங்கேயே பரப்பிவிட்டால் இரண்டு பயணமும் மிச்சம். நடக்கவேண்டியவர் விவசாயி ஒருவரே. அவர் தினமும் பனியில் நடந்து, தீனி வைத்து, நீர் காட்டி, பால் கறந்து, தகரக் கொள்கலத்தை முதுகில் கட்டிச் சுமந்து வீடு திரும்பினார்.

உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் தரைமுதல் கூரைவரை புல் அடைக்கும் இடம். மறுபக்கம் மாட்டைக் கட்டும் மரத் தடுப்புகள், கீழே கற்பாவிய தரை, கோமியம் ஓட ஒரு வாய்க்கால். மாடுகளுக்கு மேலேயும் பரண் போட்டுப் புல் அடுக்கினார்கள். மாட்டின் சூடு மேலேறாமல் அந்தப் புல் மெத்தை காத்தது. மரத் தடுப்பின் விளிம்புகள் பல தலைமுறை மாட்டுக் கழுத்துகள் உரசியதில் மழுங்கி, எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். கையை வைத்துப் பாருங்கள். எந்தக் காட்சிப்பெட்டியும் அதைச் சொல்லித்தராது.

இந்தப் பள்ளத்தாக்கையும் அருகிலுள்ள ஆர்க்கன்கார்த்டேலையும் 1989இல் களஞ்சியங்களுக்காகவும் வயற்சுவர்களுக்காகவுமே பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள்.

சரிவில் பாதி புதைந்ததுபோல் நிற்கும் களஞ்சியங்கள் எதற்கு?

அவை ஏரி மாவட்டம் உள்ள கம்பிரியாவின் சிறப்பு. மலைச்சரிவையே ஏணியாகப் பயன்படுத்திய கட்டடங்கள். மேட்டுப் பக்கத்திலிருந்து வண்டி நேராக மேல்தளத்துக்குப் போய்விடும். கதிரடிப்பதும் புல் அடைப்பதும் அங்கே. கீழ்ப்பக்கத்திலிருந்து தொழுவத்துக்கு வாசல். தீனியை மேலிருந்து கீழே தள்ளினால் போதும், தூக்கவேண்டியதில்லை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இவை பெருகின.

மனிதரும் மாடும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார்களா?

வாழ்ந்தார்கள், இரு வேறு காரணங்களுக்காக. டார்ட்மூரின் நீள்வீடுகளில் ஒரே வாசல் வழியாக நுழைந்து மனிதர் மேட்டுப்பக்கமும் மாடுகள் பள்ளப்பக்கமும் திரும்பினார்கள். பள்ளப்பக்கத்தை மாட்டுக்குக் கொடுத்தது கழிவு தானே வெளியேறுவதற்காக. ஹவுண்ட் டார் பாறைக்கருகே கைவிட்ட இடைக்கால ஊரில் அத்தகைய கிரானைட் வீடுகளின் அடிச்சுவர்களை இன்றும் காணலாம். டார்ட்மூரிலேயே உள்ள ஹையர் அப்பகாட் வீட்டில் தொழுவம் மாற்றப்படாமலே இருக்கிறது.

ஸ்காட்லாந்து எல்லையோரத்தில் காரணம் அச்சம். 16ஆம் நூற்றாண்டில் எல்லை தாண்டி வந்து மாடுகளைக் கொள்ளையடிக்கும் கூட்டங்களுக்குப் பயந்து, நார்தம்பர்லாந்து விவசாயிகள் பாஸ்டில் என்ற அரண்வீடுகளைக் கட்டினார்கள். ஒரு மீட்டருக்கும் மேல் தடித்த சுவர், கீழே மாடு, மேலே குடும்பம்; ஏணியை மேலே இழுத்துக்கொண்டால் யாரும் ஏற முடியாது. நார்தம்பர்லாந்தின் டார்செட் ஓடையருகே (தெற்குக் கடற்கரையின் டார்செட் வேறு) உள்ள பிளாக் மிடன்ஸ் அரண்வீட்டுக்குச் சென்றால் இதைப் பார்க்கலாம். 1603இல் இரு நாடுகளும் ஒரே மன்னரின்கீழ் வந்த பிறகு கொள்ளை படிப்படியாக ஓய்ந்தது.

காளான் வடிவக் கற்களின்மேல் நிற்கும் சிறு கட்டடம் எது?

தானிய அறை. தலை விரிந்த அந்தக் கல்லில் ஏறும் எலி, குடையின் அடிப்பகுதியைக் கடக்க முடியாமல் விழுந்துவிடும். இன்று அந்தக் கற்கள் பல தோட்ட அலங்காரமாக இடம்பெயர்ந்துவிட்டன. புறாக் கூண்டு மாளிகைகளையும் இங்கே சொல்லலாம். ஹெரெஃபோர்ட்ஷயரின் கார்வேயில் 1326இல் கட்டிய வட்டமான கல் மாளிகையில் 666 கூடுகள் உள்ளன. பெட்ஃபோர்ட்ஷயரின் வில்லிங்டனில் உள்ள 16ஆம் நூற்றாண்டு மாளிகையில் சுமார் 1,500. புறாக்குஞ்சின் இறைச்சி நிலப்பிரபுவின் மேசைக்குப் போனது. அந்தப் புறாக்கள் மேய்ந்ததோ ஏழை விவசாயிகளின் வயலில்.

களஞ்சியத்தோடு ஒட்டிய வட்டக் கட்டடம் என்ன?

குதிரைகள் சுற்றிச் சுற்றி நடந்து இயந்திரத்தை ஓட்டிய இடம். 1786 வாக்கில் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெய்க்கிள் கதிரடிக்கும் இயந்திரத்தை வெற்றிகரமாக உருவாக்கினார். வடகிழக்கு இங்கிலாந்தில் அதை இயக்கக் களஞ்சியத்தின் பின்சுவரோடு ஒட்டி வட்டமாகவோ பலமுகமாகவோ கூரை போட்டார்கள். வட்டார வழக்கில் அது ஜின்-காங். டர்ஹாமிலுள்ள பீமிஷ் அருங்காட்சியகப் பண்ணையில் ஒன்று இருக்கிறது. இந்த இயந்திரம் கூலியாட்களின் குளிர்கால வேலையைப் பறித்தது. 1830இல் தெற்கிலும் கிழக்கிலும் அவர்கள் திரண்டு இயந்திரங்களை உடைத்தார்கள். களத்தில் தடியால் கதிரடிப்பது ஓய்ந்ததை அந்த வட்டச் சுவர் நினைவூட்டுவதால், அதை வெறும் விநோதமாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

பழைய சுவரைச் சிமெண்ட் கொண்டு பூசினால் என்ன தவறு?

சுவரைக் காப்பதற்காகச் செய்யும் அந்த வேலையே சுவரைக் கொல்லும். பழைய கட்டடங்களின் இணைப்புகள் சுண்ணாம்புச் சாந்தாலானவை. சாந்து கல்லைவிட மென்மையானது, நுண்துளைகள் உள்ளது. சுவருக்குள் புகுந்த ஈரம் அதன் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் கல்லின் வழியே வெளியேற முயல்கிறது, குளிர்காலத்தில் உறைகிறது, கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்கிறது. மென்மையான சுண்ணாம்புக்கல் சுவரில் சில பத்தாண்டுகளுக்குமுன் கல் இணைப்புகளைச் சிமெண்டால் பூசிய இடத்தை அருகில் சென்று பாருங்கள்: சிமெண்ட் வயல்வரப்புபோல் மேடாக நிற்க, இருபுறமும் கல் குழிந்து போயிருக்கும். சாந்து தேய்ந்தால் மீண்டும் பூசலாம். கல் தேய்ந்தால் என்ன செய்வது?

களஞ்சியத்தை வீடாக மாற்றலாமா?

சட்டப்படி பல இடங்களில் மாற்றலாம். 2014 முதல் பண்ணைக் கட்டடத்தை வீடாக்க எளிமையான அனுமதி முறை ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. ஆனால் பாதுகாப்புப் பட்டியலிலுள்ள கட்டடங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் அது பொருந்தாது. பட்டியலிட்ட கட்டடத்தை ஒப்புதலின்றி மாற்றுவது குற்றமாகும். கூகை ஆந்தைகளுக்கும் வௌவால்களுக்கும் சட்டப் பாதுகாப்பு இருப்பதால் அவை குடியிருந்தால் வேலையின் காலமும் முறையும் மாறும்.

கட்டடம் அதன் வேலையை இழந்துவிட்டது என்பதை மறுக்க முடியாது. இன்றைய டிராக்டரும் அறுவடை இயந்திரமும் அந்த வாசலில் நுழையா. பயனில்லாத கூரையை யாரும் பழுதுபார்ப்பதில்லை. ஓர் ஓடு சரிந்தால் மழை இறங்கும், உத்தரம் உளுத்துப்போகும், பிறகு சுவரும் சாயும். ஆகவே மாற்றுவதையே எதிர்ப்பது சரியல்ல. என்றாலும், குடியிருப்புதான் கட்டடத்தை மிக அதிகமாகக் கிழிக்கும் பயன்பாடு. தளங்களும் அறைகளும் புகுந்து அந்த ஒற்றைப் பெருவெளியை நறுக்கிவிடும். கூரையில் கண்ணாடிகளும் சுவரில் சன்னல்களும் முளைக்கும். பட்டறை, கூட்ட அரங்கு, சேமிப்பிடம் போன்றவை வெளியை வெளியாகவே விடுகின்றன. வீடாக்கியே தீரவேண்டும் என்றால், களத்துப் பகுதியையாவது தரைமுதல் கூரைவரை திறந்து விடுங்கள். பெரிய வாசலின் கண்ணாடியைச் சுவர்முகத்திலிருந்து உள்வாங்கி வைத்துப் பழைய மரக்கதவுகளைக் கீலோடு விட்டுவையுங்கள். காற்றுப் பிளவுகளைக் கண்ணாடியிட்டு அடையுங்கள், சன்னலாக அகலப்படுத்தாதீர்கள்.

நேரில் பார்க்க விரும்புபவர் எங்கே தொடங்கலாம்?

ஒரே நாள் கிடைத்தால் கிரேட் காக்ஸ்வெல்லுக்குப் போங்கள். உள்ளே நுழைந்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை பேசாமல் நில்லுங்கள். இரண்டு நாள் கிடைத்தால் கூடவே பிராட்ஃபோர்ட் ஆன் ஏவன். நடக்கத் தெம்புள்ளவர்கள் ஜூன் மாதத்தில் மியூக்கருக்குச் செல்லவேண்டும். ஊரிலிருந்து ஆற்றை நோக்கிக் கற்பலகை பாவிய ஒற்றையடிப் பாதை பூத்துக் குலுங்கும் புல்வயல்களின் நடுவே, களஞ்சியங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. அங்கே ஒருவர்பின் ஒருவராக, பலகையை விட்டு இறங்காமல் நடக்கவேண்டும். காலில் மிதிபடும் புல், வரும் குளிர்காலத்துக்கான மாட்டுத்தீனி.